விழித்திரை

கண்ணின் நடுவே கரிய வட்டமாய்த் தோன்றும் துளைக்குப் பாவை என்பது தமிழ்ப்பெயர். எதிர்நின்று நோக்குவாரது உருவம் ஆண்டு ஒரு சிறு பதுமைபோற் காணப்படுதலின் அப்பெயர் எய்திற்று. இலத்தீன் மொழியாளரும் இக்காரணம் பற்றியே சிறு பதுமை எனப் பொருள்படும் சொல்லால் அதனை வழங்கினர். ஆனால் அப்பாவைக்குப் பின்னே உள்ளதைத் தெளிவுறக் காணும் வழி நெடுங்காலம் ஒருவர்க்கும் கிட்டவில்லை. 1851-ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி உட்புறத்தை நோக்கும் கருவியொன்றை உலகிற்கு அறிவித்தார். அன்று முதல் விழித்திரையின் நோய்களை உயிருள்ள கண்ணிலேயே கண்டறிதல் மருத்துவர்க்கு இயல்வதாயிற்று.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரை ஒட்டிக்கிடக்கும் மெல்லிய நரம்புப் படலம். கனத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்தது. அதனுள் மங்கிய ஒளியிற் காண உதவும் கோலணுக்கள் ஏறக்குறைய 12 கோடியும், நிறத்தையும் நுட்பத்தையும் உணரும் கூம்பணுக்கள் ஏறக்குறைய 60 இலட்சமும் உள. அவை ஒளியை நரம்புச் செய்தியாக மாற்ற, ஏறக்குறைய 10 இலட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கின்றது. நாம் இவ்வெழுத்துக்களைப் படிப்பது விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்புள்ளி என்னும் மிகச் சிறிய பகுதியாலேயாம்.

கண்புரை வேறு, விழித்திரை நோய் வேறு என்பதை அன்பர்கள் முதற்கண் உணர்தல் வேண்டும். புரையாவது விழியின் வில்லை மங்குதல். மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தினாற் பார்வை பெரும்பாலும் மீளும். சிறிது காலந் தாழ்த்தினும் பெருங்கேடு நேர்வது அரிது. விழித்திரையோ நரம்பினால் ஆயது. அதன் அணுக்கள் மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதனை மாற்றிப் பொருத்துதற்கும் வழியில்லை.

இவ்வேறுபாட்டை அறியாமையால் எம் இல்லத்தில் நேர்ந்ததொன்றை ஈண்டுக் கூறுவாம். எம் ஊர் சங்கரன்கோவில். எம் பாட்டனார் ஆண்டு விசைத்தறி நெசவில் முதிர்ந்தவர். பல்லாண்டுகளாக நீரிழிவு உடையவர். அறுந்த இழையை முடிக்க இயலாதவாறு பார்வை மங்கியபோது, அது புரையே எனத் தாமே முடிவு செய்தார். மருத்துவமனைக்குச் செல்வோம் என்று யாம் வற்புறுத்தினேம். "வலிக்கவா செய்கிறது? ஆடித் தபசு கழியட்டும் தம்பி, சேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம்" என்றார். தபசும் கழிந்தது, வேறு பல வேலைகளும் வந்தன. இறுதியிற் சென்றபோது, இடக்கண்ணில் குருதி கசிந்து விழித்திரை கழன்றிருந்தது. அக்கண் மீளவில்லை. வலக்கண்ணை மட்டும் மருத்துவர் காத்தளித்தனர்.

நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும் முறை இதுவாம். குருதியில் மிகுந்த சர்க்கரை அங்குள்ள நுண்குழாய்களை நலிவிக்கின்றது. அவை கசிகின்றன, சில அடைபடுகின்றன. உணவும் உயிர்வளியும் பெறாத பகுதி புதுக்குழாய்களை வளர்க்கின்றது. அப்புதுக்குழாய்களோ வலியற்றவை, எளிதில் உடைந்து கண்ணுட் குருதியை நிறைப்பன, பின்னர்த் தழும்பாகி விழித்திரையைப் பற்றி இழுப்பன. இவ்வளவும் நிகழுங்கால் வலி தோன்றாமையே இந்நோயின் வஞ்சகம்.

நீரிழிவு இல்லாதாரிடத்தும் விழித்திரை கழலுதல் உண்டு. அதில் ஒரு கிழிசல் ஏற்படின், கண்ணுள் இருக்கும் நீர் அதன்வழிப் புகுந்து, ஈரங்கோத்த சுவரிலிருந்து சுண்ணப்பூச்சுப் பெயர்வதுபோல அதனைப் பெயர்த்துவிடும். மின்னல்போல் ஒளி தோன்றுதல், திடீரெனக் கரும்புள்ளிகள் பல மிதத்தல், ஒருபுறம் திரை வீழ்ந்தாற்போல மறைத்தல் என்பன இதன் அறிகுறிகள். இவை தோன்றின் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

ஒரு காலத்தில் விழித்திரை கழன்றால் அக்கண் போயிற்றென்றே கருதினர். சுவிட்சர்லாந்து நாட்டு ஜூல் கோனின் என்பார், கிழிசலை மூடினாற் பார்வை மீளும் என்று 1920-களில் உலகிற்கு நிறுவினார். 1960-இல் லேசர் ஒளி தோன்றிற்று. பின்னர் அதனால் கசியும் குழாய்களைச் சுட்டு அடைக்கும் முறை வழக்கிற்கு வந்தது. 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கமர் என்பார், கண்ணுள் நிறைந்த கூழ்ப்பொருளை நுண்கருவியால் அகற்றும் அறுவையை அமைத்தார். இக்காலத்திலோ, புதுக்குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை ஊசியாற் கண்ணுள்ளேயே செலுத்துகின்றனர்.

இச்சிகிச்சைகள் நம் நாட்டிலேயே கிடைத்தல் நமது பேறு. மதுரையில் 1976-ஆம் ஆண்டில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தும் பல்லாயிரம் அறுவைகள் செய்த பெரியார் அவர். அதன் கிளை 1988-இல் திருநெல்வேலியிலும் அமைந்தது. எம் ஊரிலிருந்து காலையிற் பேருந்தேறின் மாலையில் வீடு திரும்பலாம். சென்னையில் 1978-இல் சங்கர நேத்ராலயாவை நிறுவிய டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் விழித்திரை அறுவையிலேயே வல்லவர். விழித்திரையின் படத்தைக் கொண்டு கணினியே நீரிழிவு நோயின் குறியைக் கண்டறியும் என்று 2016-இல் வெளியான ஆய்வொன்றிற்கு இவ்விரு மருத்துவமனைகளின் படங்களும் துணைநின்றன.

எனினும், எத்துணை நுண்ணிய கருவியும் தன்னிடம் வாராதவர் கண்ணைக் காக்க வல்லதன்று. நீரிழிவுடையார் பார்வை தெளிவாயிருப்பினும் ஆண்டிற்கொருமுறை பாவையை மருந்தால் விரித்து விழித்திரையைச் சோதித்தல் வேண்டும். குறைமாதத்தில் எடை குன்றிப் பிறந்த குழந்தைகட்கு முப்பது நாளுக்குள் இச்சோதனை நிகழ்தல் வேண்டும்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழியை நாம் நகைச்சுவையாகவே வழங்கி வந்துளோம். எம் பாட்டனார் இப்பொழுது தறியிற் குனியுந்தோறும் தலையை ஒருபுறஞ் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் இழையைத் தேடுகின்றார். அதனைக் கண்டபின் அப்பழமொழி எமக்கு நகை விளைப்பதில்லை. இவ்விடுமுறையில் வீடு செல்லும் மாணவ அன்பர்கள், தம் இல்லத்து முதியோரை ஒருமுறை இச்சோதனைக்கு அழைத்துச் செல்வாராக.