மகிழுந்தை நிறுத்துவது எது?



படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் நம்மில் பலர் முதலில் நினைப்பது ஒரு மகிழுந்தைத்தான். அதுவும் கொஞ்சம் வேகமான மகிழுந்தாக இருந்தால் நல்லது என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால், வாங்கப் போகும்போது இரண்டு கேள்விகள் நம்மை மடக்கும். பெரிய பிரேக் பொருத்தியதை எடுக்கலாமா? இருக்கை, சக்கரம், அலங்காரம் எல்லாம் உயர்ந்த வகையாக இருப்பதை எடுக்கலாமா? நம் நாட்டில் மகிழுந்துக் கடனை 9 ஆண்டுகள் வரை கட்டலாம். இன்று ஆசையில் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் முப்பது வயது தாண்டியும் தவணை கட்ட நேரிடும். ஆகவே, இந்தக் கேள்விகளுக்குக் கணக்குப் போட்டு விடை காண்போம்.

உராய்வு சொல்லும் உண்மை

தமிழ்ப்பள்ளியில் 'உராய்வு' என்று படித்தோம். இடைநிலைப்பள்ளியில் அதே பாடம் 'கெசெரான்' என்ற பெயரில் வந்தது. இப்போது இயந்திரப் பொறியியல் வகுப்பில் அதற்கு ஆங்கிலப் பெயர். பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றே. ஓடும் மகிழுந்தில் இந்த உராய்வு இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. ஒன்று, பிரேக் பேட் தட்டைப் பிடிக்கும் இடம். மற்றொன்று, டயர் சாலையைப் பிடிக்கும் இடம். பிரேக் சக்கரத்தை மட்டுமே நிறுத்தும். மகிழுந்தை நிறுத்துவது டயர். ஓர் உள்ளங்கை அளவே தரையைத் தொடும் அந்த நான்கு இடங்கள்தாம் முழு எடையையும் பிடித்து நிறுத்துகின்றன.

கணக்கைப் பாருங்கள். நம் நெடுஞ்சாலை வேகமான மணிக்கு 110 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 30.6 மீட்டரில் போகிறோம். காய்ந்த சாலையில் நல்ல டயரின் உராய்வு எண் 0.9 என்று கொண்டால், பிரேக்கை மிதித்த கணத்திலிருந்து ஏறக்குறைய 53 மீட்டரில் நிற்கலாம். மழையில் தேய்ந்த டயரோடு அந்த எண் 0.6 ஆகக் குறைந்தால் 79 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் பிரேக் தட்டின் அளவு எங்குமே வரவில்லை! உங்கள் பழைய பிரேக்கை முழுமையாக மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்து மிதி துடிக்கிறதா? அப்படியானால் டயர் தாங்கக்கூடியதைவிட அதிக வலிமை அந்தப் பிரேக்குக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் பெரிய பிரேக் எதற்கு?

அது வெப்பத்திற்காக. 1,280 கிலோ எடையுள்ள மகிழுந்து 110 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 600,000 ஜூல். நிறுத்தும்போது இதில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. எழுபது விழுக்காடு முன் தட்டுகளுக்குப் போகிறது என்றும், அவை இரண்டும் சேர்ந்து 16 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ஒருமுறை நிறுத்துவதில் அவற்றின் சூடு ஏறக்குறைய 57 டிகிரி உயரும். இது ஒன்றும் பெரிதல்ல. ஆறவிடாமல் பத்து முறை நிறுத்தினால்? பேட் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும், பிரேக் எண்ணெய் கொதிக்கும் நிலைக்கு நெருங்கும். எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால் மிதி தரை வரை போகும், பிரேக் பிடிக்காது.

1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவில் கடுமையாகப் பிரேக் பிடிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று இது தொடரும். அங்கே பெரிய தட்டு, இருபுறமும் பிஸ்டன் உள்ள கேலிப்பர், தடித்த பேட் எல்லாம் தங்கள் விலைக்கு வேலை செய்யும். மாதம் ஒருமுறை அங்கே ஓட்டப் போகிறவர் பெரிய பிரேக் வாங்குவது வீண் செலவு அல்ல.

மலைச்சாலையும் ஒரு சோதனைக்களம்தான். அதே மகிழுந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 12.5 மில்லியன் ஜூல். முன்பு சொன்ன நிறுத்தத்தைப் போல் இருபது மடங்குக்கு மேல்! கெந்திங் மலையிலிருந்து கோம்பாக் இறங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால், இதற்கு மருந்து கியர் கம்பியிலேயே இருக்கிறது. கியரைக் குறைத்து இறங்கினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை இயந்திரமே வாங்கிக்கொள்ளும். அதற்கு ஒரு காசு செலவில்லை.

அலங்காரம் வெறும் அலங்காரமா?

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டேன். டொயோட்டா ஜிஆர்86 மகிழுந்தின் அமெரிக்க விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி விலை இருப்பதால் ஒப்பிடுவது எளிது. 2022ஆம் ஆண்டில் அடிப்படை வகை 27,700 டாலர், உயர்ந்த வகை 30,300 டாலர். கூடுதலான 2,600 டாலருக்குக் கிடைப்பவை வெப்பமூட்டும் இருக்கை, கூடுதல் ஒலிபெருக்கிகள், பின்புறச் சிறகு, 18 அங்குலச் சக்கரம். வெப்பமூட்டும் இருக்கை நமக்கு எதற்கு என்று சிரிக்கலாம். ஆனால், அந்தச் சக்கரத்தோடு வருவது மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 டயர். அடிப்படை வகையில் இருப்பதோ சாதாரணப் பயணத்துக்கான பிரைமசி டயர்.

2024ஆம் ஆண்டில் அதே மகிழுந்துக்கு பிரெம்போ பிரேக்கும் சாக்ஸ் அதிர்வுதாங்கியும் சேர்ந்த தொகுப்பு 1,500 டாலருக்கு வந்தது. முன் தட்டு 300 மில்லிமீட்டரிலிருந்து 326 ஆனது. தடத்தில் ஓட்டுபவருக்கு இது மலிவு. ஆனால், ஒரே ஓர் அவசர நிறுத்தத்தில் உயிர் காப்பது எது என்று கேட்டால், 'அலங்கார' வகையில் ஒளிந்திருந்த டயரே முன்னே நிற்கிறது. அடிப்படை வகையை வாங்கி, பிறகு நல்ல டயர் மாற்றிக்கொள்வது அதைவிடவும் சிக்கனம்.

எங்கள் வீட்டில் நடந்தது

குவாந்தானில் வேலை செய்யும் என் அண்ணன் சென்ற ஆண்டு பழைய டொயோட்டா 86 ஒன்றை வாங்கினார். ஒரு பட்டறையில் சிவப்புக் கேலிப்பரோடு முழுப் பிரேக்கும், இரண்டு பந்தய இருக்கைகளும் சேர்த்து 15,000 ரிங்கிட் கேட்டார்கள். "டேய், வேகமா போற காடி, நல்லா நிக்கணும்ல" என்றார் அண்ணன். நியாயமான கவலைதான். மாதம் இருமுறை அம்மாவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, பெரும்பாலும் மழையில், காராக் நெடுஞ்சாலை வழியாக வருபவர் அவர்.

நான் டயரின் பக்கச்சுவரைப் பார்த்தேன். அங்கே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதில் 2317 என்றிருந்தது. 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர்! ரப்பர் இறுகி, பள்ளமும் தேய்ந்திருந்தது. பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினார்கள் என்று முந்தைய உரிமையாளருக்கே தெரியவில்லை. புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஈரம் மிகுந்த நம் நாட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது.

"அண்ணே, முதல்ல டயர், எண்ணெய், பேட். மீதிய அப்புறம் பார்ப்போம்" என்றேன். நான்கு நல்ல டயர், புது எண்ணெய், தரமான பேட் மூன்றும் சேர்ந்து பட்டறை கேட்டதில் கால் பங்குக்கும் குறைவாகவே ஆயின. கேலிப்பர் இன்னும் பழைய சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நண்பர்களே, பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் டயர் எந்த ஆண்டில் செய்தது? பிரேக் எண்ணெய் எப்போது மாற்றியது? தொடர்ந்து பலமுறை கடுமையாகப் பிரேக் பிடிக்கும் இடத்தில் நான் உண்மையிலேயே ஓட்டப் போகிறேனா? பெரிய தட்டுக்குப் பெரிய சக்கரமும், பின்னாளில் விலை கூடிய பேட்டும் வாங்க என்னால் முடியுமா?

முதல் இரண்டுக்கும் நல்ல விடை இருந்து, பின் இரண்டுக்கும் 'ஆம்' என்றால் தயங்காமல் வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் டயரைக் கவனியுங்கள். அழகுக்காகவே சிவப்புக் கேலிப்பர் வேண்டுமென்றால் அதுவும் தவறில்லை. அழகுக்குக் கொடுக்கும் பணத்தைப் பாதுகாப்புக்குக் கொடுத்ததாக நினைத்து, மழையில் முன்வண்டியை நெருங்கிப் போகாமல் இருந்தால் போதும்.