பால் பத்தலைன்னு யார் சொன்னது?

ஆரணியில் ஒரு பட்டு நெசவு வீடு. கூடத்தை அடைத்துக்கொண்டு குழித்தறி. தறிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தூளி, அதற்குள் 20 நாள் குழந்தை. தூளிக் கயிற்றைக் கால் விரலில் மாட்டி ஆட்டியபடியே ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள் அம்மா. குழந்தை லேசாகச் சிணுங்கியதுதான் தாமதம், மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"உனக்குப் பால் பத்தலைம்மா. டிவியில வர்ற குழந்தைங்க எப்படி கொழுகொழுன்னு இருக்குது பாரு! ஒரு டப்பா வாங்கியாரச் சொல்லு."

மருமகள் பதில் பேசவில்லை. மாமியார் உள்ளே போனதும், "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் மெல்லிய குரலில்.

இந்த 'கொழுகொழு' நம் வீட்டுக்குள் நுழைந்த கதை பெரியது. 'கிளாக்ஸோ பேபி' என்றால் நம் பாட்டிமார்களுக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். பால் பவுடர் டப்பாவில் சிரித்த அந்தக் குழந்தைதான் ஆரோக்கியத்துக்கு அளவுகோல் என்று பத்திரிகைகளும் சினிமா தியேட்டர்களும் ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தன. உலகம் முழுக்க இதே கதை நடக்க, 1981-ல் உலக சுகாதார மாநாடு இந்த விளம்பரங்களுக்குக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டு வந்தது. நம் நாட்டில் 1992-ல் சட்டமே வந்தது. பால் பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது. டப்பா மேல் குழந்தை படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது. 2003-ல் செய்த திருத்தம், 2 வயது வரைக்குமான குழந்தை உணவு விளம்பரங்களையும் தடுத்தது.

அப்படியானால் மாமியார் டிவியில் பார்த்தது எந்தக் குழந்தையை? சோப்பு, டயாபர் விளம்பரக் குழந்தையை! அதற்கு ஆறேழு மாதமாவது இருக்கும். 20 நாள் சிசுவை அதோடு ஒப்பிடலாமா?

விளம்பரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தாய்ப்பாலை ஆதரிக்கிற எங்களைப் போன்ற பத்திரிகைகளும் பாதிதான் சொல்கிறோம். ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 'தாய்ப்பாலே அமுதம்' என்று தலைப்பு போட்டு, சிரித்த முகத்தோடு ஒரு அம்மா படம் போடுவோம். காம்பு வெடித்து ரத்தம் கசிவது, பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாவது, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது... எதுவும் அதில் வராது. படிக்கிறவள், 'எல்லாருக்கும் சுலபமா வருது, எனக்குத்தான் வரலை' என்று நினைக்காமல் என்ன செய்வாள்? 2018 மார்ச்சில் மலையாளப் பத்திரிகை 'கிருஹலட்சுமி', 'முறைத்துப் பார்க்காதீர்கள், பாலூட்ட விடுங்கள்' என்கிற பொருளில் அட்டைப்படம் போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் விவாதமெல்லாம் அதிலிருந்த மாடல் தாயா இல்லையா, படம் ஆபாசமா இல்லையா என்பதிலேயே போனது. பஸ் ஸ்டாண்டில் பசித்த குழந்தையோடு நிற்கும் பெண்ணை யாரும் கவனிக்கவில்லை.

சரி, பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிறந்த முதல் சில நாளில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவது சகஜம். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அஞ்சாறு நாள் ஆன பிறகு, 24 மணி நேரத்தில் 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சூடு, ஈரம், தூக்கம், அம்மா வாசனை வேண்டும் என்கிற ஏக்கம், எல்லாவற்றுக்கும் குழந்தைக்குத் தெரிந்த ஒரே பாஷை அழுகைதான்.

குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். நடுவில் பாட்டில் நுழைந்தால் குழந்தை சப்புவது குறையும், சுரப்பும் குறையும். 'பத்தலை, பத்தலை' என்று கேட்டே மனசு நொந்தால், இருக்கிற பாலும் இறங்கி வரத் தயங்கும். காம்பு வலித்தால், காம்பைச் சுற்றியுள்ள கருப்புப் பகுதியும் குழந்தையின் வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

உண்மையிலேயே பால் குறைவாக உள்ள தாய்மார்களும் உண்டு. அவர்களுக்கு டாக்டரே பவுடர் எழுதித் தரலாம். அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனால் டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டிக் கலப்பது ஆபத்து. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் அந்த ஆசை வருவது சுலபம். குழந்தை சோர்ந்து கிடந்தால், சிறுநீர் குறைந்தால், தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆரணிப் பெண்ணிடம் குழந்தையின் எடை அட்டையைக் கேட்டோம். பிறந்தபோது 2 கிலோ 700 கிராம். முந்தின நாள் 2 கிலோ 950. கொல்லையில் கொடி நிறையக் குழந்தைத் துணி. "நேத்து எத்தனை நனைச்சான்?" என்றோம். விரல் விட்டு எண்ணினாள்.

"ஒன்பது."

உள்ளேயிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "அப்ப டப்பா வேணாமா?"

ராட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள் மருமகள்.