மரத்தடி லஞ்சும் எஸ்பிளனேட் கிரவுண்டும்

சேப்பாக்கத்துல மேட்ச் பார்த்திருப்பீங்க. எஸ்பிளனேட் கிரவுண்டுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?

1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான். 1860-களில் அது தீவுத்திடலை விட்டு சேப்பாக்கம் வந்தது. அங்கே எதிரணியாக ஆட வந்த இந்தியர்களுக்கு பெவிலியனில் இடமில்லை. மதியச் சாப்பாடு மரத்தடியில்தான் என்பார்கள்.

மயிலாப்பூர் லஸ்ஸில் வளர்ந்த புச்சி பாபு நாயுடுவுக்கு இது பொறுக்கவில்லை. 1888-ல் இந்தியர்களுக்கென்றே மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். அப்போ அவருக்கு வயசு 20, நம்ம தேர்ட் இயர் வயசு!

கிளப்புக்குக் கிடைத்த இடம் எஸ்பிளனேட். எதிரிப் படை மறைந்து நின்று கோட்டையைத் தாக்கக் கூடாது என்று, பழைய கறுப்பர் நகரத்தை இடித்து ஆங்கிலேயர் வெட்டவெளியாக்கிய பகுதி. அங்கேதான் நம்மாட்கள் சொந்தமாக பிட்ச் போட்டு, வெள்ளையரை ஜெயிக்கிற அளவுக்குப் பழகினார்கள்.

அடுத்து, இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி மேட்சுக்கு ஏற்பாடு செய்தார். 1908 டிசம்பரில், அந்த ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் இறந்துபோனார். மேட்ச் நிற்கவில்லை. பின்னாளில் அதே சேப்பாக்கத்தில் பொங்கல்தோறும் கூட்டம் அலைமோதியது.

புச்சி பாபு டிராபி ஸ்கோர் பார்க்கும்போது இதை நினைச்சுக்கோங்க: உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சாமல், வெளியே ஒரு கிரவுண்டையே உருவாக்கியவர் பெயர் அது.