வில் ஏன் சத்தம் போடுது? நாண்ல ரப்பர் சைலன்சர் கட்டும் கதை

இன்னைக்கு ஒரு சின்ன பொருளைப் பத்திப் பேசப் போறோம். எடை 1 கிராம், விலை கிட்டத்தட்ட இலவசம். பாரம்பரிய வில்லோட நாண்ல கட்டுற ரப்பர் சைலன்சர். மர வில், ஃபைபர் லிம்ப் வச்ச ரிகர்வ் வில் எல்லாத்துக்கும் இது பொருந்தும். திருச்சியில வில்வித்தை பழக ஆரம்பிச்ச நண்பர்கள் சிலர் கேட்ட கேள்விதான் இந்த எபிசோட்.

நம்ம மரபுல வில்லோட சத்தம் ஒரு பெருமை. நாணைத் தெறிச்சு எதிரியை நடுங்க வைக்கிற வீரர்கள் காப்பியம் முழுக்க இருக்காங்க. ஸ்ரீரங்கத்துல தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கு. கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றினது அங்கேதான்னு சொல்வாங்க. அந்தக் காவியத்துல ராமர் வில்லை ஒடிக்கிற சத்தமே ஒரு காட்சி. தெற்கே போனா வில்லுப்பாட்டு. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் நாணை வீசுகோலால அடிச்சு, மணிகள் குலுங்கக் கதை சொல்றாங்க. அப்புறம் நாம எதுக்கு அதை ஊமையாக்கணும்?

வெளிநாட்டுல இதுக்கு முக்கியக் காரணம் வேட்டை. ஒரு கணக்கு போடுவோம். பாரம்பரிய வில்லோட அம்பு சுமார் 50 மீட்டர் வேகத்துல, அதாவது ஒரு நொடிக்கு 50 மீட்டர் போகுதுன்னு வச்சுப்போம். ஒலி சுமார் 350 மீட்டர். 20 மீட்டர் தள்ளி நிக்கிற மானுக்கு சத்தம் 0.06 நொடியில போய்ச் சேரும்; அம்பு சேர 0.4 நொடி ஆகும். நடுவுல மூணுல ஒரு பங்கு நொடி. மான் குனிஞ்சு துள்ள அது போதும். ஆனா இந்தியாவுல 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. வேட்டைங்கிற பேச்சுக்கே இடமில்லை. நம்ம இலக்கு வைக்கோல் பலகை, அது துள்ளாது.

நமக்கான காரணம் வேற. சத்தம்னா மிச்சமான ஆற்றல். நீங்க இழுத்து வில்லுல சேமிச்சதுல பெரும்பகுதி அம்போட போயிடுது. போகாதது லிம்ப்லயும் நாண்லயும் அதிர்வா சுத்துது. அதுதான் காதுல 'டொய்ங்', கையில உதறல்.

அதனால முக்கியமான விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன்: சைலன்சர் கடைசி வேலை. நம்ம பாஷையில சொன்னா, சத்தம் ஒரு எரர் லாக். பிழையைத் திருத்தாம லாகை மட்டும் ஆஃப் பண்ணா என்ன ஆகும்னு தெரியும்ல? திடீர்னு ஒரு வில் சத்தம் போட ஆரம்பிச்சா முதல்ல மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, லிம்ப்ல விரிசல் இருக்கா. ரெண்டு, நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல இருக்கிற பிரேஸ் உயரம். நாண் நாளாக ஆக நீண்டு இது குறையும். நாணை அவிழ்த்து சில முறுக்கு கூட்டினாலே பாதி சத்தம் போயிடலாம். மூணு, அம்போட எடை. 40 பவுண்டு வில்லுக்கு சுமார் 26 கிராம் அம்பு நல்ல ஆரம்பம். அம்பு ரொம்ப லேசா இருந்தா ஆற்றல் அதுல ஏறாம வில்லுக்கே திரும்பும். அந்தச் சத்தத்தை ரப்பர் கட்டி மறைச்சா, ஒருநாள் லிம்ப் உடைஞ்சுதான் தெரியவரும். அதே காரணத்தால, சத்தம் கேட்டுப் பார்க்கிறேன்னு அம்பு இல்லாம நாணை விடவே கூடாது.

மூணும் சரி. இப்போ எங்க கட்டுறது?

நாண் பெரிசா அசையிற இடம் நடு. ஆனா அங்க அம்பும் விரலும் இருக்கு. அதோட நடுப்பகுதிதான் ரொம்ப வேகமா ஓடுற இடம்; அங்க எடை வச்சா அம்போட வேகம் குறையும். நடுவுக்கும் முனைக்கும் பாதி வழியில வேகமும் சுமார் பாதி. ஆற்றல் வேகத்தோட வர்க்கம்கிறதால இழப்பு கால்வாசிதான். அதனாலதான் முனையிலிருந்து நாலுல ஒரு பங்கு தூரம்னு சொல்றாங்க. நாண் ரெண்டு பாதியா எதிரெதிர் திசையில ஆடுற இரண்டாவது அதிர்வும் அங்கதான் உச்சத்துல இருக்கும். ஆனா நாலாவது அதிர்வுக்கு அதே புள்ளி அசையாத இடம். அதைப் பிடிக்க ஒரு பக்கம் நாலுல ஒண்ணு, மறுபக்கம் மூணுல ஒண்ணு வச்சுப் பார்க்கலாம். ரிகர்வ் வில்லுல நாண் லிம்பை விட்டு விலகும் இடத்திலிருந்து அளக்கணும். அந்த நீளம் 140 செ.மீ. என்றால் 35-லயும் 47-லயும் குறி வைங்க.

ரப்பர் எது? பஞ்சர் கடையில கிடைக்கிற பழைய சைக்கிள் ட்யூப் போதும். உண்டிவில்லுக்கு இழுத்த ஆற்றலை அப்படியே திருப்பித் தர்ற ரப்பர் வேணும். நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர்: ஆற்றலை விழுங்கி சூடா மாத்துற ரப்பர். சைக்கிள் ட்யூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், அதுக்கு அந்தக் குணம் நல்லாவே உண்டு. 3 மி.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்துல ஒரு சைலன்சருக்கு நாலு துண்டு. கம்பளி நூலும் கட்டலாம். ஆனா மழையில ஈரம் குடிச்சு கனக்கும்.

வில் நாண் ஏத்தின நிலையில இருக்கும்போதே பென்சிலால குறிச்சுக்கோங்க. அப்புறம் ஸ்ட்ரிங்கர் வச்சு நாணை இறக்குங்க. குறி வச்ச இடத்துல முறுக்கைத் தளர்த்தி, 16 இழைன்னா எட்டு எட்டா பிரிங்க. கூர்மையான எதுவும் வேண்டாம், காலி ரீஃபில் போதும். நாலு துண்டையும் நடுவுல நுழைச்சு, பழைய முறுக்கை அப்படியே திருப்பிக் கொடுத்து நாண் ஏத்துங்க. இழைகளே ரப்பரைக் கவ்விக்கும். பிரேஸ் உயரத்தை மறுபடி அளந்துடுங்க.

இப்போ வெட்டுறது. ரெண்டு பக்கமும் 5 செ.மீ. கால்கள் தொங்கும். அது லிம்ப்ல அடிச்சாலோ, இழுக்கும்போது முகத்துல பட்டாலோ உடனே குறைக்கணும். இல்லைன்னா அவசரமே வேண்டாம். போனை ஒரே இடத்துல வச்சு அஞ்சு அம்பு பதிவு பண்ணுங்க. எல்லாக் காலிலும் அரை செ.மீ. வெட்டுங்க, மறுபடி அஞ்சு அம்பு. சத்தம் கூட ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்திடுங்க. வெட்டினதை ஒட்ட முடியாது. பிளேடு வேண்டாம், சின்ன கத்தரிக்கோல், முனை நாணுக்கு எதிர்ப்பக்கம். ஒரு இழை வெட்டுப்பட்டாலும் அந்த நாணைத் தூக்கிப் போட்டுடுங்க.

ஸ்ரீரங்கத்துல தம்புரா இருக்கிற வீட்டுல போய்ப் பாருங்க. தந்திக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல ஒரு பஞ்சு நூல் இருக்கும், ஜீவா. அதை ஒரு மயிரிழை நகர்த்தி நகர்த்தித்தான் நாதத்தைத் திறப்பாங்க. நாம நாதத்தை மூடுறோம், அவ்வளவுதான். வேலை ஒண்ணுதான்: கேளு, கொஞ்சம் மாத்து, மறுபடி கேளு.

ரெண்டு எச்சரிக்கை. வீட்டு மொட்டை மாடியில சோதிக்காதீங்க, முறையான மைதானத்துல மட்டும். மூடின கார்ல வில்லை விட்டுட்டுப் போகாதீங்க. திருச்சி வெயில்ல நாணோட மெழுகு இளகும், லிம்ப்போட பசையும் விட்டுப்போகும். போட்டிக்குப் போறவங்க, உங்க பிரிவுல சைலன்சர் அனுமதி உண்டான்னு பயிற்சியாளர்கிட்ட கேட்டுட்டு வெட்டுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.