கட்டடம் படித்தவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?



சென்ற மாதம் பண்ணைப்புரத்திலிருந்து ஒரு தாயாரின் கடிதம் வந்தது. பல ஆண்டுகளாக நம் மருத்துவமனைக்குக் காணிக்கை அனுப்பி, ஜெபத்தில் தாங்கிவரும் குடும்பம். மகன் சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறான். வேலைக்குப் போகுமுன் ஓர் ஆண்டு நம்மிடம் தொண்டு செய்ய ஆசைப்படுகிறான். "கட்டடம் படித்தவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை ஐயா? ஒரு வருஷம் வீணாகிவிடாதா?" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு எழுதிய பதிலை மற்றப் பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்டும் தாயார் எவலினும் அங்கே மிஷனெரிகள். மலை மக்களின் காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைத் தகப்பனார் இழுத்தெடுப்பதையும், சீழ்க்கட்டிகளைக் கீறுவதையும் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு வைத்தியம் என்றாலே அருவருப்பு. பிறகு இங்கிலாந்தில், உறவினர் ஒருவர் மருத்துவப் படிப்புக்குப் பணம் தர முன்வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டட வேலை பழகப் போனார். இந்தியாவில் ஊழியம் செய்யக் கொஞ்சம் வைத்தியமும் தெரிந்திருக்கட்டும் என்று லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்தார். அந்தப் பயிற்சிக் காலத்தில் கிழக்கு லண்டனின் கன்னாட் மருத்துவமனையில் உதவிக்கு நின்றிருந்த ஓர் இரவில், இரத்தமெல்லாம் இழந்து பிணம்போல் வெளுத்துக் கிடந்த ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இரத்தம் ஏற்ற ஏற்ற அவள் கன்னத்தில் நிறம் திரும்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். தன் மருத்துவ வாழ்க்கை அந்த இரவில்தான் தொடங்கியது என்று பிற்காலத்தில் சொன்னார்.

சரி, கட்டட வேலையில் கழித்த ஆண்டுகள் வீணா? 1946-ல் வேலூர் வந்த பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். கை திறந்தால் போதுமா? பிழைப்பு வேண்டுமே. அதற்காக நவஜீவ நிலையம் என்ற பெயரில் குடிசைகள் எழுந்தன. அங்கே நோயாளிகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க டாக்டருக்கே தெரிந்திருந்தது. அவர்கள் கையில் புண் எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார். நோய் தானாகச் சதையை அழுகச் செய்யவில்லை. வலி தெரியாததால் கருவியும் நெருப்பும் காயப்படுத்துகின்றன என்பது அவருக்கு விளங்கியது. தொழுநோய் மருத்துவத்தையே திருப்பிப்போட்ட உண்மை இது.

இதைவிட எனக்குப் பிடித்தது மண்ணைப் பற்றி அவர் எழுதியது. சிறுவயதில் மலையின் படிக்கட்டு வயலில் மற்றப் பையன்களோடு தவளை பிடித்துத் தண்ணீரைக் கலக்கிவிட்டாராம். ஒரு முதியவர் வந்து, ஓடும் நீரிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது கீழே போனால் திரும்பி மலையேறாது, இதுவே நம் பிள்ளைகளின் சோறு என்று விளக்கினாராம். பிராண்ட் அதை மறக்கவே இல்லை. மண்ணைக் காக்கும் காரியத்தில் தன் சொல் எடுபடுமானால் மருத்துவத்தையே விட்டுவிடத் தயார் என்று எழுதும் அளவுக்கு அது அவரைப் பிடித்திருந்தது. மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்துக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெருமழைக்கு மறுநாள் ஓடையில் ஓடுவது வெறும் தண்ணீரா?

அந்தப் பாடம் காட்பாடிக்கு அருகே கரிகிரியிலும் நடந்தேறியது. தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அங்கே கிடைத்தது மரமில்லாத வறண்ட நிலம். பிராண்டிடம் பயின்ற டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி அங்கே பொறுப்பிலிருந்தபோது, அறுவைச் சிகிச்சையோடு மரக்கன்றுகளையும் கவனித்தார். ஆண்டுதோறும் நட்டு, மழைநீரை நிறுத்தி வளர்த்ததில் அந்தப் பொட்டல் சோலையானது. பறவைகள் வந்து சேர்ந்தன.

எவலின் அம்மாவையும் சொல்லாமல் விட மனமில்லை. மிஷனிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சம்பளமில்லாத தொண்டராக மலைக்கே திரும்பிப் போனார்கள். 1974-ல், தம் 95-ஆம் வயதில் இறக்கும்வரை மலைமக்களோடுதான் இருந்தார்கள்.

வருகிற தொண்டர் எல்லோரும் பிராண்ட் ஆகிவிடுவதில்லை, அம்மா. இரண்டே வாரத்தில் வீட்டு நினைவு வந்து பெட்டியைக் கட்டிய தம்பிகளும் உண்டு. அவர்களும் காணிக்கையோடு இன்றுவரை கடிதம் போடுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு வேலை காத்திருக்கிறது. நம் வளாகத்தின் மேட்டுப் பக்கத்தில் ஒவ்வொரு மழைக்கும் மண் அரித்துக்கொண்டு போகிறது. அங்கே மட்டம் பார்த்துக் கல்வரப்பு போடத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. காலையில் புறநோயாளிகளைச் சக்கர நாற்காலியில் அழைத்துவர வேண்டும். மத்தியானத்துக்கு மேல் வரப்பு வேலை. சம்பளம் கிடையாது, தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. சபை ஆயரின் கடிதம், ஒரு போர்வை, உறுதியான செருப்பு ஆகியவற்றோடு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே அனுப்பிவையுங்கள்.