பெயர் கேட்பதும் விசுவாசமே

எம்மாவு நோக்கி நடந்த சீடர் இருவர், வழியில் உடன் வந்த அந்நியரைத் தங்கும்படி வற்புறுத்தினர். அப்பம் பிட்கையில்தான் அவர் ஆண்டவர் என அறிந்தனர். வற்புறுத்தாதிருந்தால் அவர் அப்பால் சென்றிருப்பார்.

மஞ்சூர் வாழ் அன்பர்களே, நமது நீலகிரிக்கும் அந்நியர் வருகின்றனர். சார்க்கண்டு, அசாம் மாநிலங்களிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த அவர்கள் பேருந்தில் நம் அருகிலேயே அமர்கின்றனர். நாமோ "வடக்கத்தியார்" என்ற ஒரே சொல்லில் அவர்களை ஒதுக்கிவிடுகிறோம்.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலைத்தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வழிசெய்தது. அவ்வாறு வந்தோருக்குப் பிழைப்பளிக்க 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. வேலை கிடைத்தது, ஆனால் "சிலோன்காரர்" என்ற பெயர் நீங்கவில்லை. அச்சொல் பேரப்பிள்ளைகளையும் தொடர்ந்தது. அந்த வேதனையைக் கண்ட இம்மலையில், இன்னொருவருக்கு அதையே செய்தல் தகுமோ?

அந்நியரை ஏற்றோமா என்பதே இறுதித் தீர்வையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. ஆதலால் வரும் ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் ஒதுங்கி நிற்பவரின் பெயரைக் கேட்போம். பின்னர்ச் சந்தையில் காணும்போது அப்பெயர் சொல்லியே அழைப்போம்.