ஓசைப்படாத கப்பல்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருக்கிறீர்களா? தர்மபுரி மாவட்டத்தில் கடலும் கிடையாது, கப்பலும் கிடையாது. ஆனாலும் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிய முதல் பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. அருவி இரைச்சலைத் தாண்டிப் பாறைச் சுவர்களுக்கு நடுவே வந்ததும் பரிசல்காரர் துடுப்பை நிறுத்தினார். ஒரே நிசப்தம். மறுபடி துடுப்பு நீரில் பட்டதே, அந்தச் 'சளக்' எவ்வளவு பெரிதாகக் கேட்டது தெரியுமா?

கடலுக்கு அடியில் அந்தச் 'சளக்' உயிருக்கே உலை வைத்துவிடும். ஆழத்தில் வெளிச்சம் இல்லை. எதிரியைக் காட்டுவதும், நம்மைக் காட்டிக் கொடுப்பதும் சப்தம்தான்.

டீசல் நீர்மூழ்கி, பாட்டரியில் ஓடும்போது பரம சாது. ஆனால் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற டீசல் யந்திரம் ஓட வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். ஆகவே அவ்வப்போது மேலே வந்து மூக்கை நீட்டியாக வேண்டும். அணுசக்திக் கப்பலுக்கு அந்தத் தொல்லை இல்லை. யுரேனியத்தின் சூட்டில் நீராவி உண்டாகி டர்பைனைச் சுழற்றுகிறது. பிராண வாயுவைத் தண்ணீரிலிருந்தே பிரித்துக் கொள்ளலாம். அரிசி பருப்பு தீர்ந்தால்தான் கரை! ஆனால் இந்த அடுப்பை நினைத்தபோது அணைக்க முடியாது. கப்பல் சும்மா நின்றாலும் உள்ளே பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஓசையை எப்படி அடக்குகிறார்கள்? உங்கள் மிக்ஸியின் அடியில் ரப்பர் கால்கள் இருக்கின்றன அல்லவா? அதே யுக்திதான். டர்பைன் முதலியவற்றை ஒரு மேடையில் ஏற்றி, மேடையை ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்த்தி விடுகிறார்கள். கப்பலின் வெளிப்புறம் முழுதும் ரப்பர் ஓடுகள். விசிறி வேகமாகச் சுற்றினால் நீரில் குமிழிகள் தோன்றி வெடிக்கும். ஆகவே அரிவாள்போல் வளைந்த பெரிய இதழ்கள், நிதானமாகச் சுழலும்படி அமைக்கப்படுகின்றன. வேட்டைச் சமயத்தில் சமையற்காரர் கரண்டியைத் தவறவிட்டாலும் குற்றம்தான்!

சோவியத் நாட்டிடம் வாடகைக்கு வாங்கிய 'சக்ரா' 1988 முதல் 1991 வரை நம் கடற்படையில் இருந்தது. ருஷ்யாவின் 'அகூலா' வகையைச் சேர்ந்த இரண்டாவது 'சக்ரா', 2012இலிருந்து 2021 வரை. இந்தக் கப்பல் நம் கைக்கு வருமுன்பே ஒரு துயரம் நடந்தது. 2008 நவம்பர் 8ஆம் தேதி, ஜப்பான் கடலில் சோதனை ஓட்டத்தின்போது, தீயே இல்லாமல் தீயணைப்பு வாயு திறந்துகொண்டது. மூச்சுத் திணறி 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கப்பல் கட்டும் தளத்து ஊழியர்கள்.

நாமே கட்டிய 'அரிஹந்த்' 2009 ஜூலை 26இல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது. பிரதமரின் மனைவி குர்சரண் கௌர் தேங்காய் உடைத்தார். அதன் அணு உலைக்கு ஒத்திகை நடந்தது நம் கல்பாக்கத்தில். 'அரிஹந்த்' ஏவுகணை சுமப்பது. வேட்டைக் கப்பல் வேறு ஜாதி. அப்படி இரண்டைக் கட்ட 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

நிற்க. நீருக்கடியில் இருப்பவர்களுக்குத் தகவல் எப்படிப் போகிறது? திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் 1990இல் ஏற்பட்ட 'கட்டபொம்மன்' கடற்படை நிலையத்தின் நீண்ட அலைகள் கடல் நீருக்குள்ளும் புகும். கப்பல் கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. பேசினால் இருக்குமிடம் தெரிந்துபோகும். வீட்டில் குழந்தை முதல் அடி எடுத்து வைத்தாலும், "விழுந்தானா? அழுதானா?" என்று கேட்க அப்பாவுக்கு வழியில்லை.